மாடி கேட்கப் போகும்போது சொல்ல ஒரு பெயர்

மாடிக்கு மாடி ரேடியோப் பெட்டி வைத்து ஊர்களை இணைக்கும் கம்பியில்லா வலைக் குழு ஒன்று தொடங்கினால், முதல் ரேடியோப் பெட்டியை வாங்குவதற்கு முன்பே அதற்குப் பெயர் முடிவாகிவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. நாலு நண்பர்கள் சேர்ந்து கருவிகளை வாங்கி, இரண்டு மாடிகளை இணைத்துப் பார்த்து, அந்தச் சந்தோஷத்தில் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, அதற்கு என்ன பெயர் வைத்தார்களோ அதுவே குழுவின் பெயராக நின்றுவிடும். இரண்டு மாடிகள் இருக்கிற வரை இதில் பிரச்சினை இல்லை. மூன்றாவது மாடி முன்பின் தெரியாத ஒருவருடையதாக இருக்கும்போதுதான் பெயருக்கு வேலை வருகிறது.

தேனி மாவட்டத்தில், மலையடிவாரத்தில் ஒட்டியொட்டி இருக்கும் சில ஊர்க்காரர்கள் சேர்ந்து இப்படி ஒரு குழு நடத்துகிறோம். ஒருவர் கேபிள் டிவி ஆபரேட்டர், ஒருவர் எலக்ட்ரீஷியன், ஒருவர் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், இரண்டு கல்லூரி மாணவிகள், மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்து வந்த ஒரு அக்கா, அப்புறம் நான். மொட்டை மாடிகளில் ஜிஐ பைப் நட்டு, சின்ன ரேடியோப் பெட்டிகளை மாட்டி, ஒன்றையொன்று பார்க்கும்படி திருப்பி ஊர்களை இணைக்கிறோம். நூலகத்தில் ஒரு சிறிய சர்வர் இருக்கிறது. தமிழ் விக்கிபீடியாவின் ஆஃப்லைன் பிரதி, பள்ளிப் பாடநூல்கள், ஊர் அறிவிப்புகள், வாய்க்காலில் தண்ணீர் விடும் முறை எல்லாம் அதில் கிடைக்கும். நாங்கள் இணைய இணைப்பு விற்பதில்லை. அதற்கு உரிமம் வேண்டும். டீக்கடைக்காரர்கூடத் தனி உரிமம் இல்லாமல் பொது வைஃபை தரலாம் என்று 2020 டிசம்பரில் மத்திய அரசு பிஎம்-வாணி திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது, ஆனால் அது வேறு ஏற்பாடு. எங்கள் வேலை ஊருக்குள் ஊருக்கான வலை.

இந்த வேலையில் எந்த வீட்டு மாடி வேண்டும் என்பதை நம் நட்பு முடிவு செய்வதில்லை, நிலம்தான் முடிவு செய்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு நேர்ப்பார்வை வேண்டும். நடுவே ஒரு தென்னந்தோப்பு வந்தால் போச்சு. ஈரமான ஓலை அலையை அப்படியே குடித்துவிடும். அதனால் இரண்டு ஊர்களை இணைக்க வேண்டுமென்றால் தோப்புக்கு மேலே தலை நீட்டும் ஒன்றிரண்டு வீடுகள்தான் தேறும். அந்த வீட்டுக்காரர் யார், எந்தச் சாதி, எந்தக் கட்சி, நம்மைத் தெரியுமா தெரியாதா என்பதெல்லாம் அலைக்குத் தெரியாது. கேட்டைத் தட்டித்தான் ஆக வேண்டும். தட்டினால் வரும் முதல் கேள்வி “யாரு நீங்க?” என்பதுதான். அதற்கு ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற பதில் வேண்டும். அதைக் கேட்ட அம்மா, சாயங்காலம் வேலையிலிருந்து வரும் மகனிடம் அதே பெயரைத் திருப்பிச் சொல்ல முடிய வேண்டும். பெயரைப் பற்றி நான் கற்றதில் முக்கியமானது இதுதான்: பெயர் நமக்காக வைப்பதில்லை, மாடி தரப்போகிறவருக்காக வைப்பது.

அந்த வாசலில் நம் மேல் என்னென்ன சந்தேகம் வரும் என்று முதலில் யோசித்துப் பார்த்தால், பாதிப் பெயர்கள் தானாகவே விழுந்துவிடும். முதல் சந்தேகம் டவர். “உங்கள் மாடியில் செல்போன் டவர் வைக்கிறோம், மாதம் இவ்வளவு வாடகை, முன்பணம் மட்டும் கட்டுங்கள்” என்று சொல்லி ஏமாற்றும் கும்பல்கள் நாடு முழுக்க உண்டு. கதிர்வீச்சு பயம் தனி. “ஏப்பா, டவரு வைக்க வந்தீகளா?” என்று ஒரு அப்பத்தா என்னிடம் கேட்டார். கையில் இருந்த பெட்டியைக் காட்டினேன். சாப்பாட்டுத் தட்டு அகலம்கூட இல்லை. “இதுவா?” என்று வாங்கித் திருப்பிப் பார்த்தார், எடை பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் உட்காரச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் பேச்சிலும் எழுத்திலும் ‘டவர்’ என்ற சொல்லே கிடையாது. கம்பம், பைப், பெட்டி, இவ்வளவுதான். ‘டவர்’, ‘டெலிகாம்’, ‘சிக்னல்’ என்று முடிந்த பெயர்கள் எல்லாம் இதிலேயே போயின.

இரண்டாவது சந்தேகம் ‘நெட்வொர்க்’. நாங்கள் இதை எதிர்பார்க்கவில்லை, மகளிர் குழு அக்காதான் சொன்னார். “நெட்வொர்க்குன்னு சொன்னா, பவுடர் டப்பா விக்க வந்திருக்காங்க, கீழ ரெண்டு பேரச் சேக்கணும்னு நெனப்பாங்க தம்பி.” உண்மைதான். நம் ஊர்ப்பக்கம் அந்தச் சொல் சங்கிலி வியாபாரத்தோடு ஒட்டிப்போய்விட்டது. கணினி படித்தவர்கள் மட்டும் கூடிப் பெயர் வைத்திருந்தால் இதை யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள். பெயர் வைக்கிற கூட்டத்தில் தொழில்நுட்பம் தெரியாதவர்கள் பாதிப் பேராவது இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, தமிழ்நாட்டில் எந்தக் குழுவும் தப்ப முடியாத சந்தேகம்: நீங்கள் எந்தக் கட்சி, யாருடைய ஆட்கள்? இது பெயரின் வாலிலேயே தெரிந்துவிடுகிறது. ‘கழகம்’ என்றால் கேட்பவர் மனதில் உடனே ஒரு கொடி ஏறும். ‘நற்பணி மன்றம்’ என்றால் எந்த நடிகருக்கு என்பார்கள். ‘பேரவை’, ‘முன்னணி’, ‘இயக்கம்’ மூன்றும் சுவர் விளம்பரத்தில் பார்த்துப் பழகியவை. ‘சங்கம்’ நல்ல பழைய சொல்தான், ஆனால் எங்கள் பக்கம் சாதிச் சங்கமா தொழிற்சங்கமா என்ற கேள்வி கூடவே வரும். ‘டிரஸ்ட்’ என்றால் நன்கொடை ரசீதோடு வந்திருக்கிறார்கள் என்று கதவு பாதி சாத்தப்படும். ‘சபை’ ஒரு மதத்தையோ கச்சேரியையோ நினைவூட்டும். வாலே இல்லாமல் விட்டால் கம்பெனி என்று நினைப்பார்கள். எல்லாம் பார்த்துவிட்டு ‘குழு’வில் வந்து நின்றோம். மகளிர் சுய உதவிக் குழுக்கள் எல்லாத் தெருவிலும் இருப்பதால் அந்தச் சொல்லுக்கு ஒரு வீட்டுப் பழக்கம் வந்திருக்கிறது. சேர்ந்து செய்கிறார்கள், கணக்கு வைக்கிறார்கள், நம்மூர்க்காரர்கள் என்ற எண்ணத்தை அது கூட்டிக்கொண்டு வருகிறது. அந்த நம்பிக்கை அந்தப் பெண்கள் பல வருடம் வாரம் தவறாமல் கூடிச் சம்பாதித்தது. அதற்குப் பங்கம் வராமல் நடந்துகொள்வது எங்கள் பொறுப்பு என்றே நினைக்கிறேன்.

பெரியவர்களின் பெயரை வைப்பதைப் பற்றித்தான் நீண்ட வாக்குவாதம் நடந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் பெயர் என்றாலே முதலில் நாக்கில் வருவது பென்னிகுவிக். 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த ஆங்கிலேயப் பொறியாளர். லோயர்கேம்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அவர் பிறந்த ஜனவரி 15 அன்று பாலார்பட்டியில் அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்த வீடுகள் உண்டு, கடைகள் உண்டு. தண்ணீரைக் கொண்டுவந்தவர் பெயரில் தகவலைக் கொண்டுவருவோம் என்று ஆசிரியர் சொன்னபோது எல்லோருக்கும் பிடித்துத்தான் இருந்தது. எனக்கும் பிடித்திருந்தது, ஆனாலும் ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் இரண்டு. ஏற்கெனவே அந்தப் பெயரில் பல அமைப்புகள் இருப்பதால் நாங்கள் அதில் எது என்று ஒவ்வொரு வாசலிலும் விளக்க வேண்டியிருக்கும். இன்னொன்று இதைவிடப் பெரியது. ஆடிக் காற்றில் ஒரு கம்பம் சாய்ந்து இரண்டு நாள் வலை கிடைக்கவில்லை என்றால், “பென்னிகுவிக் வேல செய்யல” என்று தெருவில் பேசுவார்கள். அந்தப் பெயருக்கு அப்படி ஒரு வாக்கியம் வரவே கூடாது. நாம் மதிக்கிறவர் பெயரை, பழுதாகிற சாமான் ஒன்றுக்கு வைக்கக் கூடாது என்று சொன்னதும் ஆசிரியரே தன் யோசனையைத் திரும்பப் பெற்றார். சாமி பெயர்களுக்கும் இதே காரணம் பொருந்தியது. அதோடு, இன்னொரு மதத்துக்காரர் மாடியைக் கேட்கும்போது அவருக்கு ஏன் அந்தச் சங்கடத்தைக் கொடுக்க வேண்டும்?

உலகத்தில் மற்றவர்கள் எப்படி வைத்திருக்கிறார்கள் என்றும் பார்த்தோம். 2000களின் தொடக்கத்தில் தொடங்கியவை பெரும்பாலும் ஊர்ப் பெயரோடு ‘வயர்லெஸ்’ சேர்த்தவை: சியாட்டில் வயர்லெஸ், மெல்போர்ன் வயர்லெஸ், ஏதென்ஸ் வயர்லெஸ் மெட்ரோபாலிட்டன் நெட்வொர்க். தெளிவான பெயர்கள், கேட்டவுடன் என்ன என்று புரியும். ஆனால் தொழில்நுட்பத்தைப் பெயருக்குள் பூட்டிவைத்தால் பின்னால் இடிக்கும். ஸ்பெயினின் கட்டலோனியாவில் 2004இல் தொடங்கிய கிஃபி.நெட் கம்பியில்லா இணைப்புகளால்தான் பெரிதாக வளர்ந்தது. இன்று 35,000க்கும் மேற்பட்ட கணுக்கள், அதாவது பெட்டி வைத்த இணைப்பு இடங்கள், கொண்ட அந்த வலையில் ஃபைபர் கம்பியும் சேர்ந்துவிட்டது. எங்களுக்கும் நாளைக்கு ஓர் ஊருக்குள் ஃபைபர் இழுக்க வாய்ப்பு வந்தால், ‘கம்பியில்லா’ என்று பெயர் வைத்துக்கொண்டு கம்பி இழுத்துக்கொண்டிருப்போம். ‘வைஃபை’ என்பதில் வேறு சிக்கல் உண்டு. அது வைஃபை அலையன்ஸ் என்ற அமைப்பின் பதிவுபெற்ற வணிகக் குறி. பேச்சில் சொல்வதில் தப்பில்லை, ஆனால் பதிவு செய்கிற பெயருக்குள் இன்னொருவருடைய குறி எதற்கு?

நம் நாட்டு உதாரணம் ஒன்று எனக்கு மிகவும் உதவியது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் வெளியிடங்களிலும் பயன்படுத்தலாம் என்று 2005 ஜனவரியில் அரசு அறிவித்தது. அடுத்த மாதமே இமாசலப் பிரதேசத்தின் தரம்சாலாவில் ஒரு சமூக வலை உயிர்பெற்றது. ஆரம்பத்தில் அதன் பெயர் ‘தரம்சாலா கம்யூனிட்டி வயர்லெஸ் மெஷ்’ என்று நீளமாக, விளக்கம் மாதிரி இருந்தது. பின்னால் அது ‘ஏர்ஜல்தி’ ஆனது, ‘ஜல்தி’ என்றால் இந்தியில் சீக்கிரம். சின்னப் பெயர், அந்தப் பக்கத்து மக்கள் வாயில் புழங்கும் சொல், ஊர்ப் பெயர் இல்லாததால் வேறு மாநிலங்களுக்கும் போக முடிந்தது. தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் பகுதியில் மன்கோசி என்ற கிராமப்புறத்தில் இருக்கும் கூட்டுறவு வலையின் பெயர் ‘செஞ்சலேனி’. ‘நீங்களே செய்துகொள்ளுங்கள்’ என்று அவர்கள் மொழியான கோசாவில் பொருள். அதை உச்சரிக்க வெளியூர்க்காரர்களுக்குத்தான் சிரமம், மன்கோசியில் யாருக்கும் சிரமம் இல்லை. யாருக்கு எளிதாக இருக்க வேண்டுமோ அவர்களுக்கு எளிதாக இருக்கிறது. இந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆங்கிலத்தில் எப்படித் தெரியும், வெளிநாட்டுக்காரர்கள் எப்படி வாசிப்பார்கள் என்ற கவலையை நாங்கள் அன்றைக்கே தூக்கிப் போட்டோம்.

‘இலவச’ என்ற அடைமொழி வேண்டும் என்று மாணவிகள் கேட்டார்கள். கேட்டவுடன் ஆட்கள் வருவார்கள் என்பது சரிதான். ஆனால் வருகிறவர்கள் யூடியூப் இலவசமாக வரும் என்று வருவார்கள், நூலக சர்வரைப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு போவார்கள். அந்த ஏமாற்றம் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். தவிர, இலவசம் என்றால் யாரோ ஒருவர் கொடுக்கிறார், மற்றவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள் என்று ஆகிவிடுகிறது. இங்கே மாடி ஒருவருடையது, கரண்ட் ஒருவருடையது, பைப் ஒருவருடையது, உழைப்பு எல்லோருடையது. கொடுப்பவர் வாங்குபவர் என்று பிரிக்கிற எந்தச் சொல்லும் பெயருக்குள் வரக் கூடாது என்று அந்தப் பேச்சிலேயே முடிவாயிற்று.

தேனிக்காரர்களுக்கு நெடுந்தூர வைஃபை புதிதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2000களின் நடுவில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டார ஊர்களில் இருந்த கண் பரிசோதனை மையங்களோடு இணைக்க, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்து ஆய்வுக் குழு ஒன்று நெடுந்தூர வைஃபை இணைப்புகளை அமைத்தது. கிராமத்தில் உட்கார்ந்த நோயாளியைத் தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் பார்த்தார். அங்கே வலைக்குத் தனிப் பெயர் தேவைப்படவில்லை. அரவிந்த் என்ற பெயரே போதும், நம்பிக்கை அதில் ஏற்கெனவே இருந்தது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பஞ்சாயத்து என்று ஏதோ ஒரு நிறுவனத்தின் நிழலில் நடக்கிற வலைக்குப் பெயர் பெரிய விஷயமே இல்லை. எந்த நிழலும் இல்லாமல் பொதுமக்களே நடத்தும் குழுவுக்குத்தான் பெயர் இவ்வளவு சுமக்க வேண்டியிருக்கிறது.

முடிவெடுத்த விதத்தைச் சொல்கிறேன், வேறு குழுக்களுக்கு உதவலாம். ஓட்டெடுப்பு வைக்கவில்லை. ஓட்டெடுப்பில் தோற்ற பெயருக்குச் சொந்தக்காரர் அப்புறம் கம்பம் நடுவதற்கு வரமாட்டார். பெயர்களை ஒரு சார்ட்டில் எழுதி நூலகச் சுவரில் ஒட்டினோம். வருகிறவர் போகிறவர் யார் வேண்டுமானாலும் ஒரு பெயரை அடிக்கலாம், ஆனால் ஏன் அடிக்கிறோம் என்று பக்கத்தில் எழுத வேண்டும். பிடிக்கவில்லை என்பது காரணமாகாது. இந்த முறையில் நான் எதிர்பார்க்காத காரணங்கள் வந்தன. ‘ஊர்வலை’ என்ற பெயர் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு பள்ளி மாணவன் அதற்குப் பக்கத்தில், “போன்ல சொன்னா ஊர்வலம்னு கேக்குது” என்று எழுதியிருந்தான். சொல்லிப் பார்த்தேன், அப்படித்தான் கேட்டது. அடித்துவிட்டோம்.

கடைசிவரை யாரும் அடிக்காமல் நின்றது ஓர் ஓடையின் பெயர். மலையிலிருந்து இறங்கி எங்கள் ஊர்களைத் தொட்டுக்கொண்டு போய் ஆற்றில் சேர்கிற ஓடை. வருடத்தில் பாதி நாள் மணல்தான், ஆனால் பெயர் எல்லோருக்கும் தெரியும். எந்த ஊருக்கும் அது தனியாகச் சொந்தமில்லை, எந்தக் கட்சியும் அதைக் கொடியில் போட்டதில்லை, எந்தச் சாதியும் உரிமை கொண்டாடியதில்லை. ஓர் ஊர்ப் பெயரை வைத்திருந்தால் அடுத்த ஊர்க்காரர் தன் மாடியைத் தர யோசித்திருப்பார். ஓடைப் பெயர், அதோடு ‘வலை’, அதோடு ‘குழு’. மூன்றே சொல். பெயரை இங்கே முழுதாக எழுதாததற்குக் காரணம் உண்டு. பெயர் தெரிந்தால் எந்தெந்த வீட்டு மாடியில் பெட்டி இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம், அதற்கு வீட்டுக்காரர்களிடம் நான் சம்மதம் கேட்கவில்லை.

பெயர் முடிவானதும் செய்ய வேண்டிய முதல் வேலை, அதை ஆங்கிலத்தில் எந்த எழுத்துகளில் எழுதுவது என்று ஒரே முறையாக முடிவு செய்வது. எங்கள் ஓடையின் பெயரில் ஒரு ழகரம் உண்டு. அதை ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதுவார்கள். வருவாய்த் துறைக் காகிதத்தில் ஒன்று, பஸ் போர்டில் ஒன்று, பள்ளிக்கூட முத்திரையில் இன்னொன்று. பதிவுச் சான்றிதழில் ஒரு விதம், பான் கார்டில் வேறு விதம் என்று போனால் வங்கிக் கணக்கு தொடங்குகிற இடத்தில் எல்லாம் நின்றுவிடும். ஒரு தாளில் தமிழ் வடிவத்தையும் ஆங்கில எழுத்து வடிவத்தையும் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, அதன் ஜெராக்ஸை ஆளுக்கொன்று வைத்துக்கொண்டோம். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் எழுதுவது. இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இதைவிடப் பயனுள்ள தாள் எங்கள் கோப்பில் இல்லை.

பதிவு என்றால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவாளர் அலுவலகத்தில் செய்ய வேண்டும். குறைந்தது 7 பேர் வேண்டும். ஏற்கெனவே பதிவான ஒன்றோடு அதேபோல் இருக்கும் பெயரை ஏற்கமாட்டார்கள். அரசின் ஆதரவு இருப்பதுபோல் தோன்றவைக்கும் சொற்களையும் தவிர்க்க வேண்டும், சின்னங்களும் பெயர்களும் பற்றி 1950இல் வந்த மத்தியச் சட்டமும் இதில் கண்டிப்பானது. அதனால் ‘தேசிய’, ‘அரசு’ மாதிரிச் சொற்கள் பட்டியலில் இருந்தால் முன்பே எடுத்துவிடுங்கள். மாற்றுப் பெயர் ஒன்றிரண்டு கையில் வைத்துக்கொண்டு போவதும் நல்லது.

அப்புறம் போனில் தெரிகிற பெயர், அதாவது எஸ்எஸ்ஐடி. மக்கள் குழுவின் பெயரைப் போர்டில் பார்ப்பதைவிட இதில்தான் அதிகம் பார்க்கிறார்கள். வைஃபை பட்டியலில் தமிழில் ஒரு பெயர் தெரிந்தால் அந்த ஊர்க்காரருக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நேரில் பார்த்தால்தான் தெரியும். ஆனால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. எஸ்எஸ்ஐடி-க்கு மொத்தம் 32 பைட் இடம்தான். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். எழுத்துகளைக் கணினி சேமித்துவைக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், புள்ளியும் துணைக்கால் முதலான குறிகளும் தனித்தனிக் குறியீடுகள். ‘மக்கள் வலை’ என்று வைத்தால் 9 குறியீடு, ஓர் இடைவெளி, ஆக 28 பைட். அடங்கிவிடும். ‘ஊர்க்கூட்டு’ என்ற ஒரே சொல்லை எண்ணிப் பாருங்கள்: 11 குறியீடு, 33 பைட். அடங்காது. ஒற்று நிறைந்த சொல் பார்ப்பதற்குச் சின்னதாக இருந்தாலும் இடத்தைத் தின்றுவிடும். பெயரை இறுதி செய்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். பழைய ரவுட்டர்களின் அமைப்புப் பக்கத்தில் தமிழ் தட்டினால் கட்டம் கட்டமாகத் தெரியும், சில மாதிரிகள் ஏற்கவே ஏற்காது. எங்கள் கருவிகளில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருளைப் போட்டிருப்பதால் சிக்கல் இல்லை. மாடிக்கு மாடி பேசிக்கொள்ளும் முதுகெலும்பு இணைப்புக்குத் தமிழ்ப் பெயர் தேவையில்லை, அதை யாரும் பார்க்கப்போவதில்லை. அதற்கு வெறும் எண்ணும் எழுத்தும்தான்.

எஸ்எஸ்ஐடி பற்றி இன்னொன்று, இதைத் தயவுசெய்து யாரும் அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் தன் ரவுட்டரில் வைத்துக்கொள்ளலாம். தடுக்க வழியில்லை. நாம் சம்பாதித்த நல்ல பெயரை வைத்து ஒருவன் பக்கத்துத் தெருவில் திருட்டுப் பக்கம் ஒன்றைத் திறந்து ஓடிபி கேட்கலாம். அதனால் எங்கள் வலை எந்தக் காலத்திலும் போன் நம்பரோ ஓடிபியோ ஆதாரோ கேட்காது என்பதையே அடையாளமாக ஆக்கிக்கொண்டோம். போகிற வீட்டில் எல்லாம் இதைச் சொல்கிறோம், எங்கள் பெயரில் ஏதாவது கேட்டால் அது நாங்கள் இல்லை என்று. வயதானவர்களுக்கு இது நன்றாகவே மனதில் நிற்கிறது, ஏனென்றால் ஓடிபி பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது.

சின்னம் வரையும்போது நிறத்தில் மாட்டிக்கொண்டோம். கறுப்பும் சிவப்பும் சேர்ந்தால் ஒரு கட்சி, வெள்ளையைச் சேர்த்தால் இன்னொரு கட்சி, காவி, நீலம், மஞ்சள் என்று எதை எடுத்தாலும் யாரோ ஒருவருடைய கொடி. இரண்டு நிறம் அடுத்தடுத்து வந்தாலே கொடிதான். கடைசியில் வெள்ளையில் கறுப்புக் கோடு, அவ்வளவுதான். இரண்டு மாடிக் கைப்பிடிச் சுவர்கள், நடுவில் ஒரு கோடு. மாணவிகளில் ஒருவர் ஒரே மூச்சில் வரைந்தது. கட்சிக்காக மட்டும் இல்லை, ஒரே நிறம் என்றால் ஜெராக்ஸில் கெடாது, ரப்பர் ஸ்டாம்பில் தெளிவாக விழும், ஸ்டிக்கர் அடிக்கச் செலவும் குறைவு. கோபுரமும் அதைச் சுற்றி வளைவு வளைவாக அலையும் போடுவதைத் தவிர்த்தோம், அது செல்போன் டவர் படம்.

உண்மையில் எங்கள் அடையாளம் என்றால் அது பெட்டிக்குக் கீழே பைப்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்தான். வெயிலில் வெளுக்காத வினைல். மேலே பெயர், நடுவில் “இது செல்போன் டவர் இல்லை” என்ற ஒரு வரி, கீழே போன் நம்பர். அந்த நம்பரைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். முதலில் கேபிள் ஆபரேட்டரின் நம்பரைப் போடலாம் என்றுதான் பேச்சு, எல்லோரிடமும் அது ஏற்கெனவே இருந்தது. ஆனால் தெருவில் மக்கள் இப்போதே “கேபிள்கார தம்பி நெட்டு” என்றுதான் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். ஒரு மனிதரின் பெயரில் நிற்கிற வலை, அவர் திருப்பூருக்கோ துபாய்க்கோ போனால் படுத்துவிடும். அவருக்கே அதில் விருப்பமில்லை, இரவு பதினோரு மணிக்கும் அழைப்பு வந்துகொண்டிருந்தது. குழுவுக்கென்று தனி சிம் வாங்கினோம். ஒரு சாதாரண பட்டன் போனில் போட்டு, வாரம் ஒருவர் வைத்துக்கொள்கிறோம். அதற்கு ரீசார்ஜ் செய்வது பொருளாளரின் வேலை. ரீசார்ஜ் தவறி எண் கைவிட்டுப் போனால் கொஞ்ச நாளில் வேறு யாருக்கோ போய்விடும், அப்புறம் மாடிகளில் இருக்கும் ஸ்டிக்கர் எல்லாம் முன்பின் தெரியாத ஒருவரைக் காட்டிக்கொண்டிருக்கும்.

கணுக்களுக்குப் பெயர் வைக்கும்போது வீட்டுக்காரர் பெயரை வைக்க வேண்டாம். வீடு விற்கப்படலாம், சண்டை வரலாம், அதோடு வரைபடத்தில் தன் பெயர் இருப்பதை அவர் விரும்பாமல் இருக்கலாம். தெருப் பெயரும் சில இடங்களில் சாதிப் பெயராக இருக்கும், அதை நாம் புதிதாக ஒரு தடவை எழுத வேண்டிய அவசியம் இல்லை. புளியமரம், மேல்தொட்டி, பழைய கிணறு, செக்கடி என்று கண்ணுக்குத் தெரிகிற அடையாளங்களை வைத்தோம். பழுது என்று போன் வந்தால் “செக்கடிப் பெட்டி” என்றவுடன் எலக்ட்ரீஷியன் வண்டியைத் திருப்பிவிடுவார்.

பெயரோடு அரைப் பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதி வைத்திருக்கிறோம். ஐரோப்பாவில் ஃப்ரைஃபுங்க் போன்ற வலைகள் நடத்துகிறவர்கள் பிகோ பியரிங் என்ற சின்ன உடன்பாடு ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள்: உன் வழியாகப் போகும் தகவலைத் தடுக்காதே, மாற்றாதே, தொடர்பு விவரங்களை வெளிப்படையாக வை, சேவைக்கு உத்தரவாதம் கிடையாது. அதன் சாரத்தை எடுத்து, எங்கள் தேவைக்குச் சிலதைச் சேர்த்தோம். கரண்ட் செலவு யாருடையது, மழையில் மாடி ஒழுகினால் துளை போட்டது நாங்கள் என்றால் நாங்களே பூசித் தருவோம், எப்போது வேண்டாம் என்றாலும் எடுத்துக்கொண்டு போய்விடுவோம். மாடி தருகிறவரிடம் ஒரு பிரதி கொடுக்கிறோம். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுகிறோம். பெயரைக் கேட்டுத் தலையாட்டியவர்கள் பலர், இந்தக் கடைசி வரியைக் கேட்டுத்தான் மாடிச் சாவியை எடுத்தார்கள்.

இப்போது புதிதாக ஒரு கேள்வி வந்திருக்கிறது. மலைக்கு மேலே இருக்கிற ஒரு குடியிருப்பு எங்களோடு சேர வேண்டும் என்கிறது. அவர்களுக்கு அந்த ஓடை கிடையாது, அவர்களுடையது வேறு நீர்வழி. எங்கள் பெயரை அவர்கள் தலையில் வைப்பது சரியில்லை. ஜெர்மனியில் ஃப்ரைஃபுங்க் என்ற பொதுப் பெயருக்குக் கீழே பெர்லின், லைப்சிக் என்று ஒவ்வோர் ஊரும் தனித்தனிக் குழுவாகத் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. அந்த வழியைத்தான் இங்கேயும் யோசிக்கிறோம். அவர்கள் தங்களுக்குப் பிடித்த பெயரை முன்னால் வைக்கட்டும், ‘வலை’யும் ‘குழு’வும் பொதுவாக இருக்கட்டும், சின்னத்தில் அதே இரண்டு சுவரும் ஒரு கோடும். அங்கே ஒரு பள்ளிக்கூடச் சுவரில் சார்ட் ஒட்டியாகிவிட்டது. அடிக்கும் பேனாவை அவர்களிடமே கொடுத்திருக்கிறோம். அந்தப் பட்டியலில் எங்களில் யாரும் ஒரு பெயர்கூட எழுதுவதில்லை என்று பேசிவைத்திருக்கிறோம்.